நான்காம் அறையில் மாமா இருமியது பற்றி

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், பண்ணையில் முதல் மூன்று அறைகளிலும் உள்ள பன்றிகள் நலம். நான்காம் அறையைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் நலம் அறிய ஃபோன் செய்தபோதெல்லாம் அத்தைதான் எடுத்தார்கள். "உங்க மாமா பேச மாட்டாராம். பேசினா அதையும் உன் மெஷின் உறுமல்னு எழுதிக்குமாம்" என்றார்கள். பின்னால் நின்று நீங்கள் எடுத்துக்கொடுக்க, அவர்கள் ஒப்பித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீங்கள் சாப்பிட வரவில்லை. அம்மா உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள், தட்டும் வைக்கிறாள், வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். வீட்டைப் பாகம் பிரித்தபோதுகூட முகம் கோணாத அண்ணனும் தங்கையும் ஒரு இருமலுக்காகப் பேச்சை நிறுத்தியிருக்கிறீர்கள். "நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா" என்று நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் ஞாபகம் வந்து மறுபடி சிரிக்கிறாள், அது வேறு விஷயம்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஆளாளுக்கு ஒரு கதை ஓடுகிறது. அந்தக் கதை சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்களுக்குப் பன்றித் தடுப்பூசியே போட்டுவிட்டார்களாம். "இவ்வளவு படிச்சவன் அப்படி என்னதான் வேலை பாக்குறான், ஒருநாள் வந்து பாக்குறேன்" என்று சொன்னது நீங்கள். வாசலில் காவலாளி எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் உங்களிடமும் கேட்டார். "மூணு நாளைக்குள்ள வேற பன்னி எதையாவது தொட்டீங்களா?" அதற்கு நீங்கள் "என்னைப் பாத்தா உமக்கு எப்படித் தெரியுது?" என்று எகிறினீர்கள். அடுத்து சளி, இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்டார். "கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். அந்த நிமிஷம் உங்கள் தொண்டைக்குள் ஒன்று புரண்டதை நான் பார்த்தேன். மாமாவாச்சே என்று வாயை மூடிக்கொண்டேன், என் தப்பு. உள்ளே போகிற யாராக இருந்தாலும் தலைக்குக் குளித்து, சொந்தத் துணியை வெளியே விட்டுவிட்டு, பண்ணை உடுப்பு போட்டுக்கொண்டுதான் போகணும், மந்திரியே வந்தாலும் அதுதான். தலைச்சாயம் கரைந்து குளியலறைத் தரை கறுத்ததற்கு நான் பொறுப்பில்லை, "தண்ணி பட்டாலும் போகாது"ன்னு சொல்லி வித்த கடைக்காரனைப் போய்க் கேளுங்க. பண்ணை உடுப்பு உங்களுக்கு இடுப்பில் பிடித்ததும், ஊருக்கே பேன்ட் தைக்கிற நீங்கள் அதன் தையலைத் திருப்பிப் பார்த்து "இதை வெட்டினவன் பன்னிக்கு அளவெடுத்துட்டு மனுஷனுக்குத் தைச்சிருக்கான்" என்று சொன்னதும், அங்கே இன்றுவரை எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இது மரியாதையான சிரிப்பு மாமா, கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் நான்காம் அறை. கூரையிலிருந்து ஒரு மைக் தொங்குவதைக் காட்டினேன், ஞாபகம் இருக்கும். பன்றிக்கு நெஞ்சில் சளி கட்டினால் அது லீவு லெட்டர் எழுதித் தராது. நாலு நாள் இருமும், ஆலை மாதிரி ஓடுகிற காற்றாடிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அஞ்சாம் நாள் பார்த்தால் கொட்டகை முழுக்கப் பரவியிருக்கும். அதனால் இரவும் பகலும் மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மெஷின் இருமலை மட்டும் பிரித்து எண்ணும், அளவு தாண்டினால் சிவப்பு விளக்கு போடும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் மருந்தும் கொஞ்சம், சாவும் கொஞ்சம். என் ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், வாசலிலிருந்து அடக்கி அடக்கி வைத்திருந்ததை நீங்கள் ஒட்டுமொத்தமாக அவிழ்த்து விட்டீர்கள். தூங்கிக்கொண்டிருந்த பன்றியெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பண்ணை முதலாளி ஆபீஸிலிருந்து செருப்பு மாற்றக்கூட மறந்து ஓடிவந்தார். அவருக்கு ஆதியிலிருந்தே என் மெஷினைப் பிடிக்காது, "எனக்குத்தான் ரெண்டு காது இருக்கே, கூரைக்கு எதுக்குக் காது?" என்கிற கட்சி. கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற அக்கா, "ஒரு வாரமா இந்த ரூம்ல ஒரு தும்மல்கூடக் கேக்கல சார்" என்று சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தார். முதலாளியும் உங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்றிகளும்தான். ஆனாலும் விதி விதிதான். விளக்கு எரிந்தால் உடனே பருத்திக் கயிறு கட்டித் தொங்கவிடணும், பன்றிகள் ஓடிவந்து அதை மெல்லும், ஊறின எச்சிலைப் பிழிந்து லேபுக்கு அனுப்பணும். அனுப்பினோம். முதலாளி சொன்னார்: "ஒரு விருந்தாளி இருமினதுக்கு லேபு செலவு. முடிவு வரட்டும், ஒண்ணும் இல்லேன்னா உன் கூரைக் காதையெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிடு தம்பி."

அந்தக் கடுப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் சொம்பை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். "மெஷின் மாமாவைப் பன்னின்னு எழுதிடுச்சு" என்று நான் சொன்னதும் அம்மாவுக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. நீங்கள் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். இதில் அவமானம் என்பதே கிடையாது. பன்றியின் நுரையீரலும் நம்முடையதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நம்ம சளிக்காய்ச்சல் அதுக்குத் தொத்தும், அதோடது நமக்குத் தொத்தும். அந்த வகையில் சொந்தக்காரங்கன்னே வச்சுக்கலாம். மெஷினுக்கு மாமா மச்சான் தெரியாது, அது உங்களைப் பன்றி என்று சொல்லவில்லை, உங்கள் இருமல் தரமான பன்றி இருமல் என்றுதான் சொன்னது. இதையே அத்தைக்கும் விளக்கிச் சொல்லிவிடுங்கள். இன்னும் ஓர் உதவி வேண்டும். உங்கள் ஃபோனில் ஒரு இருபது இருமலைப் பதிவு செய்து அனுப்பினால் மெஷினுக்கு "இது மாமா, இதை எண்ணாதே" என்று கற்றுக்கொடுத்துவிடலாம். காலையில் ஐந்து, சாப்பிட்டதும் ஐந்து, மீதி உங்கள் வசதி. அப்படியே டாக்டரையும் பாருங்கள். அந்த இருமல் நல்ல இருமல் இல்லை. ஒரு பன்றி அப்படி இருமியிருந்தால் நான் அன்றைக்கே தனியாகப் பிரித்து வைத்திருப்பேன்.

வேறு விசேஷம் இல்லை. அத்தைக்கு என் வணக்கம். எப்போதும்போல் உங்கள் ஆசி வேண்டும், கோபம் ஆறியபிறகு கொடுத்தாலும் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமையும் அம்மா உங்களையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான் உலை வைப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கிற நேரத்தில், இரண்டு வாரமாக இழுத்தடித்த லேபிலிருந்து ஃபோன். நான்காம் அறைப் பன்றிகளுக்கு நிஜமாகவே நெஞ்சுச் சளி, எச்சில் எடுத்த அன்றைக்கு ஆரம்பக் கட்டம். நீங்கள் இருமின கையோடு கயிறு கட்டிவிட்டோம், அதற்குள் யாருக்கும் தொத்தாது, ஆகவே உங்களால் வந்தது இல்லை. எங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவி ஒரே கேள்விதான் கேட்டார்: "பதிவைப் போட்டுக் கேட்டியா?" நான் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கு, கண்ணால பாத்தேனேன்னு விட்டுட்டேன். இப்போது போட்டுக் கேட்டேன். காற்றாடிப் பக்கம் படுத்திருந்த பன்றிகள் விடியற்காலையிலிருந்தே இருமிக்கொண்டிருந்திருக்கின்றன, நீங்கள் வாயைத் திறந்த நேரமும் அளவு தாண்டிய நேரமும் ஒன்றாகிவிட்டது. நீங்கள் இருமியது நாலு தரம், மெஷின் அதில் ஒன்றைக்கூடப் பன்றிக் கணக்கில் சேர்க்கவில்லை. உங்களைப் பன்றி என்று சொன்னது மெஷின் இல்லை மாமா, நான்தான். விளக்கு எரிந்த அன்றே விதிப்படி அந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனி வாளி வைத்துவிட்டோம், இப்போது தண்ணீரில் மருந்தும் கலந்து கொடுக்கிறோம், எல்லாம் நன்றாகத் தின்கின்றன, பக்கத்து அறைக்குப் போகவில்லை. முதலாளி இப்போது "நம்ம மெஷின்" என்கிறார். எனவே நுரையீரல், சொந்தக்காரங்க, இருபது இருமல் என்று மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். டாக்டரை மட்டும் பாருங்கள்.

மெஷின் உங்கள் இருமலில் மூன்றை "மனிதர்" என்று குறித்திருக்கிறது. அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், "எங்க அண்ணன் மனுஷன்னு எனக்குத் தெரியாதாடா" என்று கண் கலங்கினாள். நாலாவதை "இரும்புக் கதவு சாத்திய சத்தம்" என்று குறித்திருக்கிறது. அதை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நீங்கள் வந்துவிட்டால் சொல்லவே மாட்டேன்.