சகலை பருந்தென்று தள்ளிய பறவை

பெருமதிப்பிற்கும் வேறு வழியில்லாத அன்பிற்கும் உரிய சகலை அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும், உங்கள் தலைமையில் நடக்கும் பறவை ஆர்வலர் சங்கமும், போன மாதம் வாங்கிய புது பைனாகுலரும் நலமாகவே இருப்பீர்கள்.

நான் பார்த்த கழுகை "பருந்தாக இருக்கலாம்" என்று உங்கள் குழு தள்ளிவிட்டதாகத் தகவல் வந்தது. குழு என்பது நீங்களும், நீங்கள் தும்மினால் கைக்குட்டை நீட்டும் பல் டாக்டரும்தான். அன்று நடந்தது இதுதான்: வயல்வெளி நடுவே எங்கள் கார் நின்றுபோனது. அந்தக் காரைச் சிபாரிசு செய்தது யார் என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. பானெட்டைத் திறந்தால் புகை, புகையோடு தலையை உயர்த்தினால் மேலே அது. சிறகைப் பலகைபோல விரித்து, ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டது, துரத்திப் போன காக்கைகள் பக்கத்தில் ஈக்கள் மாதிரி தெரிந்தன, வால் விசிறிபோல இருந்தது. பருந்துக்கு வால் பிளந்திருக்கும் என்று நீங்கள் எழுதிய கையேட்டிலேயே இருக்கிறது, ஒருமுறை படித்துப் பாருங்கள். அண்ணாந்தபடியே பின்னால் போனவன் வாய்க்காலில் இடுப்பளவு இறங்கிவிட்டேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த உங்கள் கொழுந்தியாளிடம் மேலே பார் என்றால், "மொதல்ல நீங்க மேல ஏறி வாங்க" என்கிறாள். வந்த மெக்கானிக்கோ கெஞ்சியும் தலையைத் தூக்கவில்லை. "அது பறந்தா நமக்கென்ன சார், இது ஓடணுமில்ல" என்றான். ஆக, சாட்சி இல்லை. குழு உறுப்பினர் கண்ணால் பார்க்காத பறவை பறவையே அல்ல என்பது சங்க விதி. அதனால்தான் ஆண்டு மலர் முழுக்க உங்கள் பெயர், உங்கள் மொட்டை மாடியில் தண்ணீர் குடித்த புறா வரைக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் எதற்கெடுத்தாலும் "பெரிய மாப்பிள்ளையக் கேளுங்க" தான். உத்தியோகம், வீடு, தலைமுடி எல்லாவற்றிலும் நீங்கள் முந்திவிட்டீர்கள். கழுகு ஒன்றையாவது எனக்கு விட்டுக்கொடுங்கள். இந்த வருஷ மலரில் என் பெயர் ஒரு வரியாவது வந்தாக வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சங்கத்தாரை ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வாருங்கள். வழியைக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தகப்பனாரைப் போலன்றி நாலு பேரை மதித்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும்
இளைய சகலை

பின்குறிப்பு: உறையில் போடுமுன் நேற்று மறுபடி அங்கே போனோம். இந்த முறை உங்கள் கொழுந்தியாள்தான் முதலில் பார்த்தாள். மின்கோபுரத்தின் உச்சியில் சுள்ளிக் கூடு, அதிலிருந்து ஒரு குஞ்சு கழுத்தை நீட்டியது. போன வருஷ மலரில் நீங்கள் ஓர் ஆந்தையின் விலாசத்தைப் போட, கேமராக் கூட்டம் தாங்காமல் அது முட்டையை விட்டுவிட்டுப் போனதை நினைவுபடுத்தினாள். "அத்தான்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இன்னும் தபாலில் போடவில்லை என்றேன்.

மேலே உங்களைத் திட்டியதை வீணாக்க மனமில்லாததால், வழி எழுதிய அடிப்பகுதியை மட்டும் கிழித்துவிட்டு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பருந்து என்றே பதிந்துகொள்ளுங்கள். யாராவது கேட்டால் எனக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லுங்கள், எப்படியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.