நாற்பத்தெட்டு நாள் திறக்கக் கூடாத டிராயர்

உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவே மூடிக் கிடந்த அரிசி மில்லில் காலை ஐந்து மணிக்கே வரிசை நின்றுவிட்டது. ஆளுக்கொரு டிராயர். பீரோவிலிருந்தும் மேசையிலிருந்தும் உருவி எடுத்து, தலையில் சுமந்தபடி, டிவிஎஸ்ஸில் குறுக்கே வைத்தபடி, ஷேர் ஆட்டோவில் மடியில் ஏந்தியபடி வந்திருந்தார்கள். பெருநகர் கிராமத்திலிருந்து ஒருவர் டிரஸ்ஸிங் டேபிளையே தூக்கி வந்திருந்தார். டிராயர் இறுகிக்கொண்டு வெளியே வரவில்லையாம். கண்ணாடி உடையாமல் பிடித்துக்கொள்ள மனைவியும் கூடவே வந்திருந்தார்.

குடவோலை போட்டு நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் என்று, கல்வெட்டு பார்க்க வருகிறவர்களிடம் நாங்கள் பெருமை பேசுவோம். அது அந்தக் காலம். இந்த முறை நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தது நவகட்டச் சித்தரை.

ஊர் அவருக்கு முதலில் வைத்த பெயர் டிராயர் சாமி. அது அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் டிராயர் என்றால் அரைக்கால் சட்டையும்தானே. "டிராயர் சாமி வந்துக்கீறாரு" என்று ஒருவர் சொன்னால், "நல்ல வேளை, மாட்டிக்கினு வந்தாரே" என்று இன்னொருவர் சொல்லாமல் இருப்பாரா? அதனால் சித்தர் தனக்குத் தானே பட்டம் சூட்டி, ஆள் உயரத்துக்கு பேனரும் வைத்துக்கொண்டார்.

அவருடைய தத்துவம் எளிமையானது. உங்கள் டிராயரில் கத்தரிக்கோலும் தாலிக்கயிறும் ஒன்றாகக் கிடக்கின்றன. பேங்க் பாஸ்புக்கின் மேல் பேதி மாத்திரை கிடக்கிறது. செவ்வாயும் சுக்கிரனும் புதனும் கேதுவும் ஒரே பெட்டிக்குள் முட்டி மோதினால் குடும்பம் எப்படி உருப்படும்? டிராயரை ஒன்பதாகப் பிரிக்க வேண்டும். நகை சுக்கிரன் கட்டத்தில், காகிதம் புதன் கட்டத்தில், கத்தரிக்கோல் செவ்வாய் கட்டத்தில். கடன் பத்திரம் சனி கட்டத்தில். இதில் மட்டும் எனக்கும் சம்மதம்.

டிராயரைப் பிரித்து வைப்பது நல்ல பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. தேடும் நேரத்தில் பொருள் கைக்கு வரும். ஆனால் அதற்குச் சித்தர் எதற்கு? அஞ்சறைப் பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் பிரித்து வைத்த பெண்கள் யாரிடம் டோக்கன் வாங்கினார்கள்?

தோஷம் பார்க்க அவரிடம் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. டிராயரை ஒரு பெஞ்சின் மேல் வைப்பார். பழத்தை உள்ளே விடுவார். அது உருண்டு பின் மூலைக்கு ஓடும். "பார்த்தீங்களா, லட்சுமி பின்வாசல் வழியா ஓடறா" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பெஞ்சின் பின்கால் இரண்டு விரல் கட்டை என்பதை யாரும் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தவர்கள் எல்லாம் காலில் விழத்தான் குனிந்தார்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளைச் செருகி மறுபடியும் பழத்தை விடுவார். பழம் நகராது. லட்சுமி நின்றுவிட்டாள். பலகை தடுத்தது என்று சொல்ல ஒரு வாய் இல்லை.

அடுத்தது வீட்டுக்கே வந்து 'கட்டு' போடுவது. மஞ்சள் துணியால் மறைப்புக் கட்டி, டிராயரோடு அவர் மட்டும் உள்ளே உட்காருவார். வீட்டார் தாம்பாளத்தில் வைத்து நீட்டும் பொருள்களை அவரே கட்டம் கட்டமாக அடுக்குவார். நகைக்குச் சிவப்புப் பட்டுத் துணி, ஒன்பது முடிச்சு. பிறகு மூடி, சிவப்புக் கயிறு சுற்றி, மஞ்சள் அப்பி, எல்லாரையும் அழைப்பார். டிராயரை அரை விரல் இழுப்பார். உள்ளேயிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் வரும்.

"நாகம் காவலுக்கு வந்திருச்சு. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் திறக்கக் கூடாது. திறந்த கை விளங்காது. ரத்தம் கக்குவீங்க."

மூன்று வாரத்தில் எங்கள் வட்டாரத்து டிராயர்கள் எல்லாம் நாட்டிலேயே ஒழுங்கான டிராயர்கள் ஆகிவிட்டன. திறக்க முடியாது, அவ்வளவுதான். ரேஷன் கடையில் தினம் இதே பேச்சு.

"கார்டு எங்கம்மா?"

"புதன் கட்டத்துல கீது."

"போய் எடுத்துக்கினு வா."

"இன்னும் முப்பத்தோரு நாள் கீதேப்பா."

பிரஷர் மாத்திரை கேது கட்டத்தில் இருந்ததால் ஒருவர் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி சூரியன் கட்டத்தில் இருந்ததால் இன்னொருவர் தப்பான பஸ் ஏறி ஓரிக்கைக்குப் போய் இறங்கினார். யாரும் வருத்தப்படவில்லை. கிரகங்கள் சண்டை போடாமல் இருக்கின்றனவே, அது போதாதா?

திருப்புலிவனத்தில் வீராசாமி வீட்டிலும் கட்டு விழுந்திருந்தது. நெல் விவசாயி, நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அவர் மகள் ஸ்வேதா அந்த வாரம் தோழியின் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய மார்க் ஷீட்டும் டி.சி.யும் மரப் பீரோவுக்குள், நாகத்தின் பாதுகாப்பில் இருந்தன. கட்டு விழுந்த ஒன்பதாம் நாள் போனில் செய்தி வந்தது. நர்சிங் கவுன்சிலிங், வியாழக்கிழமை காலை பத்து மணி, சென்னையில். அசல் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இடம் இல்லை.

"நைனா, டிராயரைத் தொறக்கணும்" என்றாள் ஸ்வேதா.

"ரத்தம் கக்கிப் பூடுவோம்னு சாமி சொல்லிக்கீறாரு. நீ காலேஜு போவ நான் சாவணுமா?"

அம்மா ஆதிலட்சுமி சமாதானம் சொன்னார். "அடுத்த வருசம் போயேன். சர்டிபிகேட்டு எங்க ஓடிப் பூடும்?"

"அடுத்த வருசம் நீங்க என்னை எங்க அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியும். அத்த வூட்டுல தேதி கேட்டுக்கினுகீறாங்க."

வீராசாமி துண்டை உதறித் தோளில் போட்டார், ஆதிலட்சுமி அடுப்பைப் பார்க்கப் போனார். அவள் சொன்னது சரி என்று அர்த்தம். அந்தக் காகிதம் வியாழக்கிழமை கைக்கு வராவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி. எனக்கு இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

ஸ்வேதா அழவில்லை. ஏரிக்கரைக்கு நடந்தாள். அங்கே இருளர் குடியிருப்பில் ராணியம்மாள் இருந்தார். நாற்று நடுவார், களை எடுப்பார், உரிமம் வாங்கிப் பாம்பும் பிடிப்பார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குள் பாம்பு வந்தால் ராணியம்மாளை அடுப்பங்கரை வரை அழைப்பார்கள். பாம்பு இல்லாத நாளில் வாசலோடு நிறுத்துவார்கள். பாம்புக்கு இருக்கும் மரியாதை அது.

"யக்கா, எங்க வூட்டு டிராயர்ல பாம்பு கீதாம்" என்றாள் ஸ்வேதா.

"எத்தினி நாளா?"

"ஒம்பது நாளா."

"மூடின டிராயர்லயா? வா, பாப்போம்."

செவ்வாய்க்கிழமை காலை. ராணியம்மாள் வந்திருக்கிறார் என்றதும் பாதித் தெரு வீராசாமி வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டது. பயந்துபோன வீராசாமி சித்தருக்குப் போன் போட்டார். அடுத்த தெருவில் கட்டு போட வந்திருந்த சித்தர், தோளில் பையோடு நேராக வந்துவிட்டார்.

"யார் இந்தப் பொம்பளை? தொட்டா விபரீதமாயிடும்" என்றார் சித்தர்.

"தொடல சாமி. இன்னா பாம்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் ராணியம்மாள்.

"ஐந்து தலை நாகம்."

ராணியம்மாள் டிராயரின் உயரத்தைக் கையால் அளந்தார். நான்கு விரல். "அஞ்சு தலையும் படுத்துக்கினே கீதா? இன்னா துன்னுது?"

"காற்றைக் குடிக்கும்."

"செரி. அது சீறுறத ஒரு தபா நான் கேக்கணும்."

சித்தர் பெருமையோடு டிராயரை அரை விரல் இழுத்தார். 'ஸ்ஸ்ஸ்' என்றது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ராணியம்மாள் மட்டும் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"சாமி, பாம்பு சீறுறது மூச்சு. விரியன் சீறினா குக்கரு மாதிரி வந்துக்கினே இருக்கும். நீங்க நிறுத்துன ஒடனே இது நின்னுப் போச்சே?"

"அது எனக்குக் கட்டுப்பட்டது."

"அப்டின்னா ஒண்ணு பண்ணலாம். நான் தொட மாட்டேன், நீங்களும் தொடாதீங்க. எல்லாரும் கம்முனு ஒக்காருங்க. இத்தினி பேரு சுத்தி நின்னா எந்தப் பாம்பும் சும்மா கெடக்காது. அது தானா ஒரே ஒரு தபா சீறட்டும். நான் கும்புட்டுக்கினு போயிடறேன்."

மின்விசிறியை நிறுத்தினார்கள். கால் மணி நேரம் எங்கள் தெரு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அதுவே ஓர் அற்புதம்தான். பக்கத்து வீட்டு மிக்சி ஒரு முறை ஓடியது. ஒருவர் ஏப்பம் விட்டார். நாகம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"தூங்குது" என்றார் சித்தர்.

"தூங்கறதுக்குப் பேரு காவலா?"

முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. ராணியம்மாள் டிராயரின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். மெல்லச் சீறியது. வெடுக்கென்று இழுத்தார். வெடுக்கென்று சீறியது. முன்னும் பின்னுமாக நாலு முறை தள்ளினார். ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ்.

"இஸ்தா சீறுது, உட்டா தூங்குது. இது பாம்பில்ல அண்ணா" என்று வீராசாமியைப் பார்த்தார். "நான் தொறக்கட்டா?"

"திறந்தவங்க ரத்தம் கக்குவாங்க" என்று சித்தர் கத்தினார். வீராசாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆதிலட்சுமி தாலியைப் பிடித்துக்கொண்டார்.

"யக்கா, நவுறு" என்றாள் ஸ்வேதா. "என் சர்டிபிகேட்டு. நானே தொறக்கறேன்."

கயிற்றை அறுத்தாள். ஒரே இழுப்பில் டிராயர் முழுசாக அவள் கையோடு வந்துவிட்டது. கூட்டம் அவள் வாயையே பார்த்தது. அவள் கக்கியதெல்லாம் ஒரு தும்மல், மஞ்சள் தூள் மூக்கில் ஏறியதால்.

மார்க் ஷீட் புதன் கட்டத்தில் பத்திரமாக இருந்தது. ஆளைத் திட்டினாலும் வேலையைத் திட்டக் கூடாது, அடுக்கு அழகாகத்தான் இருந்தது. ராணியம்மாள் டிராயரைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் நெடுக உப்புத்தாள் ஒட்டியிருந்தது. பீரோவின் உட்சுவரிலும் ஒரு துண்டு. தச்சர் மரம் தேய்க்கும் சாதாரண உப்புத்தாள். உரசினால் சீறும். ஐந்து தலை நாகம் இதுதான்.

"இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ பாடு?" என்று வீராசாமி முனகினார்.

பதில் சுக்கிரன் கட்டத்தில் இருந்தது. ஆதிலட்சுமி பட்டுத் துணியின் ஒன்பது முடிச்சையும் அவிழ்த்தார். உள்ளே சங்கிலி இருந்தது. சித்தர் பொய் சொல்லவில்லை. சைக்கிள் சங்கிலி.

சித்தர் அதற்குள் வாசல்படிக்குப் போய்விட்டார். தெருப் பெண்கள் அவரை விடவில்லை. பையைப் பிடுங்கிக் கூடத்தில் கவிழ்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு ஊர் மாற பஸ் டிக்கெட். மோகன் என்ற பெயரில் டிரைவிங் லைசென்ஸ். ஏதோ ஒரு நகரத்தில் மாடுலர் கிச்சன் மாட்டிக்கொண்டிருந்த ஆள் என்று பிறகு தெரிந்தது. அப்புறம், வட்டாரத்துப் பெண்களின் தங்கச் சங்கிலிகள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கி ஒரே உருண்டையாகக் கிடந்தன. ஊருக்கெல்லாம் அறை பிரித்தவரின் பையில் ஓர் அறைகூடக் கிடையாது.

போலீஸ் வந்து அவரை ஜீப்பில் ஏற்றுவதற்குள் சங்கிலிகளைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. ஸ்வேதா அடுப்பங்கரையிலிருந்து ஒரு முட்டை அட்டையைக் கொண்டுவந்தாள். முப்பது குழி. குழிக்கு ஒரு சங்கிலி. எந்தச் சங்கிலியும் பக்கத்துச் சங்கிலியோடு சண்டை போடவில்லை. எந்த மந்திரமும் சொல்லப்படவில்லை.

ஊர் திருந்திவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள். ஆறே கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் பத்து மணிக்குள் போய்ச் சேர முடியும். ஸ்வேதா கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். வீராசாமி நெளிகிறார்.

"கண்ணு, ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம். ஏழரைக்கு மேல ஒரு பஸ்ஸு கீது."

"அதுல போனா பேரு கூப்புட்டு முடிச்சிருப்பாங்க நைனா."

"எமகண்டத்துல போன காரியம் வெளங்குமா?"

பஸ் வந்து நின்றது. உள்ளே நாற்பது பேர், எமகண்டத்தில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்வேதா ஏறிவிட்டாள். வீராசாமி ஒரு காலைப் படியில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். "ஏறுறியா, எறங்கறியா?" என்றார் கண்டக்டர். வீராசாமி இறங்கினார். பஸ் போயிற்று.

ஏழரைக்கு மேல் நல்ல நேரம் பார்த்து அவர் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது, மகள் கல்லூரியில் இடம் வாங்கிக்கொண்டு, கவுன்சிலிங் நடந்த இடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தாள். "டீ குடிக்கிறியா நைனா?" என்று கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம்.

நீங்களும் உங்கள் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள் ஐயா. ராகு காலம், எமகண்டம், குளிகை என்று எல்லாவற்றுக்கும் அதில் நேரம் அச்சடித்திருக்கிறது. மூளையைப் பயன்படுத்த மட்டும் நேரம் போடவில்லை. அதை எந்த நேரத்திலும் பயன்படுத்தலாம் என்பதால்தான்.