அண்டா மேல் ஒரு பிராது

கடலூர் செம்மண்டலத்தில் திருநாவுக்கரசு வீட்டுக்குள் எந்தச் சொல்லும் தன் ஊர் பேர் சொல்லாமல் நுழைந்துவிட முடியாது. பகலில் மனிதர் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனி சூப்பர்வைசர். மற்ற நேரமெல்லாம் சொல்லாராய்ச்சி.

"சாவியப் பாத்தீங்களா மாமா?" என்று மனைவி இளவரசி கேட்டால், "சாவி போர்த்துகீசியம். திறவுகோல்னு கேளு" என்பார்.

"எந்தூர்க்காரனா இருந்தா என்னா, பூட்டு தொறந்தா சரி" என்பாள் அவள்.

இப்படிப்பட்டவர் கண்ணில் சிதம்பரத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பன்மொழி அகராதி பட்டுவிட்டது. நாலு தொகுதி, தோல் அட்டை. கரையான்கூட மரியாதைக்கு ஓரத்தை மட்டும்தான் தின்றிருந்தது. கடைக்காரர் ராஜாமணி காசு வேண்டாம் என்றார். "வீட்ல பழைய பித்தள இருந்தா கொண்டாங்க சார், மாத்திக்கலாம்."

வீட்டுப் பரணில் இளவரசியின் சீர் அண்டா இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கவிழ்ந்தே கிடக்கிறது, யார் தேடப் போகிறார்கள்? அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அண்டா சாக்கில் ஏறிச் சிதம்பரம் போனது. அகராதி கடலூர் வந்தது. இளவரசி கேட்டதற்குக் கம்பெனி லைப்ரரி புத்தகம் என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் இருந்ததெல்லாம் ஒரு தினசரியும் ஒரு காலண்டரும்தான்.

கொஞ்ச நாள் கழித்து, காபியைக் கையில் கொடுத்துவிட்டு இளவரசி சொன்னாள்.

"பரண்ல என் அண்டாவக் காணும் மாமா."

காபி புரையேறியது. "எலி ஏதாவது..."

"எலி அண்டாவத் தூக்கிகிட்டுப் போவுமா?"

"பெருச்சாளி?"

"தெருவுக்கே சோறு வேவுற அண்டா அது. எங்கப்பா குடுத்தது. நான் யாரையும் சந்தேகப்படல. நேத்து அண்ணன் வீட்டுக்குன்னு போனேன்ல? அப்படியே விருத்தாசலத்துல எறங்கி, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்துட்டேன்."

கடலூர் மாவட்டத்தில் போலீசுக்குப் பயப்படாதவன் உண்டு, கொளஞ்சியப்பருக்குப் பயப்படாதவனைப் பார்ப்பது கஷ்டம். ஆடு காணாமல் போனாலும் சரி, ஆளே காணாமல் போனாலும் சரி, குறையைச் சீட்டில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அதுதான் பிராது. மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்வார். காரியம் முடிந்ததும் கோயிலுக்குப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதுவரைக்கும் கேஸ் நடந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு அவர் திருநாவுக்கரசுவின் குலதெய்வம் வேறு.

"பேரு ஏதாவது போட்டியா?" என்றார் ஈனக்குரலில்.

"தெரிஞ்சாத்தான போட? எடுத்தவன் யாரா இருந்தாலும் பாத்துக்க சாமின்னு எழுதிட்டேன்."

கல்விதான் காப்பாற்ற வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தா இளவரசி, பிராதுங்கறது தமிழே இல்ல. பாரசீகம். சாமிக்கு எப்படிப் புரியும்?"

"ஊரே அந்தப் பேரச் சொல்லித்தான கட்டுது? இத்தன வருசமாவா சாமிக்குப் புரியாம இருக்கும்?"

அன்றைக்கே அகராதியைத் திறந்தார். ஏதாவது ஒரு மொழியில், ஒரே ஒரு மொழியில், அந்தச் சொல்லுக்குச் சாதுவான பொருள் இருக்காதா என்ற நப்பாசை. பாரசீகத்தில் அலறல் என்று போட்டிருந்தது. துருக்கியில் ஓலம். உருதுவில் நீதி கேட்டுக் கதறுவது. மறுநாள் கம்பெனியில் நெல்லூர்க்காரர் ஜெயப்பிரகாஷைப் பிடித்தார்.

"தெலுங்குல இந்த வார்த்தை இருக்குதா?"

"ஃபிர்யாது சார்! போலீஸ் கம்ப்ளெயிண்ட். ஏன், உங்க மேல யாராவது குடுத்துட்டாங்களா?"

"சேச்சே. சும்மா ஆராய்ச்சி."

மராத்தியில் பார்த்தால் வழக்கு. பாரசீகத்தில் அலறிக்கொண்டு கிளம்பிய சொல் ஆந்திராவில் ஸ்டேஷன் ஏறி, மராட்டியத்தில் கோர்ட்டுக்கே போயிருந்தது. கம்பெனி சங்கு ஊதினால் பாரசீகமாகக் கேட்டது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். தலையில் பல்லி விழுந்தது. பல்லி விழும் பலனில் "கலகம்" என்று பார்த்ததும், அது எந்த மொழிச் சொல் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் ராஜாமணிக்குப் போன் போட்டார்.

"அகராதிய எடுத்துகிட்டு அண்டாவக் குடுத்துருங்க."

"சும்மா எப்படி சார்? ஒங்க ஷோகேசுல பித்தளக் கேடயம் ஒண்ணு இருக்குமே, அதையும் சேத்துக் கொண்டாங்க."

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கேடயம். வாழ்நாளில் அவர் பேசி ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஷோகேசுக்குள் இருப்பது சிதம்பரத்துக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எதிரே நிற்கிற ஆள் தெரியமாட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. மடியில் அண்டாவோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த ஒரு அம்மாள், "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று தன் குழந்தையைத் தூக்கி அண்டாவுக்குள் உட்கார வைத்துவிட்டாள். கண்டக்டர் அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். ஆலப்பாக்கம் வரும் வரைக்கும் குழந்தை உள்ளேயே தூங்கியது. திருநாவுக்கரசுக்குத்தான் இரண்டு காலும் மரத்துவிட்டது.

இளவரசி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டு, அவள் வந்ததும் ஒன்றும் அறியாதவர் போலத் தலையைத் தூக்கினார்.

"பரண்ல நல்லாத்தான் தேடுனியா? ஏதோ மின்னுதே."

அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். "அட, ஆமா! காணாமப் போன அண்டா புளி போட்டு வெளக்கிகிட்டு வந்திருக்குதே மாமா!"

"எல்லாம் சாமி செயல்."

"ஷோகேசுல கேடயத்தக் காணுமே, அதுவும் சாமி செயலா?"

"அது... பாலிஷுக்குக் குடுத்திருக்கேன்."

"குடுத்தவரைக்கும் நல்லது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அதத் தேச்சே என் கை தேஞ்சிபோச்சு."

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. "அதான் அண்டா வந்துருச்சே, நாளைக்கே கோயிலுக்குப் போயி ராஜினாமா எழுதிக் குடுத்துரு."

இளவரசி அண்டாவைக் கீழே இறக்கி, கழுத்தோரத்தை அவர் பக்கம் திருப்பினாள். 'இளவரசி, புவனகிரி' என்று பேர் வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரம் எதுவும் பேர் வெட்டாமல் பொண்ணு வீட்டு வாசல் தாண்டாது.

"ராஜாமணி அண்ணனும் புவனகிரிதான். அண்டா கடைக்கு வந்த அன்னிக்கே, ஒம் பேரு போட்ட அண்டா இங்க இருக்குது தங்கச்சின்னு போன் பண்ணிடுச்சு. கேடயத்தையும் கேளுண்ணேன்னு நான்தான் சொன்னேன். ஒலகத்துல இருக்கற வார்த்தைக்கெல்லாம் ஊரு பேரு தேடறீங்க, தூக்கிகிட்டுப் போன அண்டாவுல பாக்கலியே!"

திருநாவுக்கரசு வெட்டியிருந்த பேரை எழுத்தெழுத்தாகப் படித்தார். கடைசியில், "அப்ப அந்தப் பிராது? ராஜினாமா?" என்றார்.

"கட்டாத பிராதுக்கு எதுக்கு மாமா ராஜினாமா?"