பிந்திப் பழுக்கிற ரகம்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: வாசலின் மேல்படியில், மடியில் பரீட்சை அட்டையோடு, சேகரன். குழாயடியில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் அவர் மனைவி பாக்கியலட்சுமி. காம்பவுண்டுச் சுவரின் மேல், கால்களைத் தன் வீட்டுப் பக்கமே தொங்கவிட்டு, கழுத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியபடி கணேஷ்குமார். காலை இந்தப் பக்கம் விட்டால் ஏதாவது வேலை சொல்லிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். மாடிப்படியின் நடுவில், போனும் கையுமாக, மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தாரணி. கேட்டுக்கு வெளியே, தன் இஸ்திரி வண்டியை விட்டு நகராமல், பசம்மா.

போர்டிகோவில் ஒரு பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. தாரணி முதலில் அதில்தான் உட்காரப் போனாள். "அது அண்ணனுக்கு" என்று சேகரன் அவளை மாடிப்படிக்கு அனுப்பினார்.

"உங்க அண்ணா எப்ப வர்றாரு அங்கிள்?"

"அதைப் பத்தித்தான் கூட்டமே."

கூட்டத்தின் பொருள், சுவரோரம் நின்ற சீமை அத்தி மரம்.

அந்த மரம் வந்தது கிரகப்பிரவேசத்தன்று. சேகரனின் அண்ணன் மாரிசாமி கொள்ளேகாலத்திலிருந்து ஒரு செடியைச் சிமெண்டுச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மற்ற மாமன் மச்சானெல்லாம் மிக்ஸி, கடிகாரம் என்று கொண்டுவந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சேகரன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்: "ஏண்ணா, மைசூர் விஜயநகர் நாலாவது ஸ்டேஜ்ல மரம் வச்சு, அது எப்பப் பழுத்து நாம எப்பத் திங்கிறது?"

மாரிசாமி செடியை இறக்கி வைத்தார். "இது பிந்திப் பழுக்கிற ரகம்டா. ஊர்ல மத்த அத்தியெல்லாம் பழுத்து ஓஞ்ச பொறவுதான் இது பழுக்கும். பழுத்துச்சுன்னா வாரேன். அதுவரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பாயசம்கூடக் குடிக்காமல் போய்விட்டார். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவர் உட்கார்வதற்கென்று அன்று வாங்கிய பிரம்பு நாற்காலி அப்படியே நின்றது.

மரம் மூன்றாம் வருஷமே காய்த்தது. ஆனால் ஒரு பழத்தைக்கூடச் சேகரன் கண்ணால் பார்த்ததில்லை. தசராவுக்கு யானைகள் வந்துபோகும்வரை காய்கள் கல்லாகத் தொங்கும். தீபாவளிக்கு அவரும் பாக்கியலட்சுமியும் மாதேஸ்வரன் மலைக்குப் போய்த் தேர் பார்த்துவிட்டுத் திரும்பினால், மரம் மொட்டையாக நிற்கும்.

"போன வருஷத் தடயங்களைப் படிக்கிறேன்," என்றார் சேகரன். அவர் எதையும் எழுதி வைத்துப் பேசுகிறவர். "மரத்தடி வட்டமாகத் தோண்டப்பட்டிருந்தது. ஆகவே பெருச்சாளி."

"பெருச்சாளி அத்தனை வட்டமாவா தோண்டும்?" என்றாள் பாக்கியலட்சுமி.

"மைசூர்ப் பெருச்சாளி. அடுத்தது, மரத்தடியில ஆட்டுப்புழுக்கை. ஆகவே ஆடு."

"கேட்டு தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுங்களே. ஆடு வந்து திறந்து, தின்னுபோட்டு, மறுபடியும் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போச்சாக்கும்?" என்றாள் பாக்கியலட்சுமி.

"வவ்வால் சார்," என்றார் சுவரிலிருந்து கணேஷ்குமார். "புழுக்கை போடுமான்னு தெரியாது. ஆனா வவ்வால்தான்."

"பசம்மா, நீ சொல்லு. நாங்க இல்லாதப்ப யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"ஐயோ இல்ல சார்! வேத்தாளு ஒருத்தரும் வரல. நான் இங்கயேதானே நிக்கிறேன். மஞ்சுநாதன் மேல ஆணை."

"மனுஷ நடமாட்டம் இல்லை," என்று எழுதிக்கொண்டார் சேகரன்.

மறுநாளே வேலை தொடங்கியது. பெருச்சாளிக்காக மரத்தடியைச் சுற்றிச் சிமெண்டு போட்டார். தண்ணீர் இறங்க வழியில்லாமல் நாலாம் நாள் இலைகள் தொங்கின. பதறிப்போய் சிமெண்டை உடைத்தார். உடைக்கிற வேகத்தில் ஒரு வேரும் சேர்ந்து உடைந்தது. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ராத்திரி முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டார். காலையில் பாதிக் காய்கள் வாய் பிளந்து கீழே கிடந்தன.

"தாகம் அடங்கிருச்சு போல," என்றாள் பாக்கியலட்சுமி.

வவ்வாலுக்காக வலை கட்டினார். வவ்வால் வரவில்லை. கணேஷ்குமாரின் பூனை வந்தது. வலையில் சிக்கிய பூனையை மீட்பதற்குக் கணேஷ்குமார் முதல்முறையாகச் சுவரின் இந்தப் பக்கம் குதித்தார். பூனை பிழைத்தது; கிளை பிழைக்கவில்லை. முறிந்த கிளையிலிருந்து வடிந்த பால் பட்டு இரண்டு பேரும் மூன்று நாள் கையைச் சொறிந்துகொண்டே சுவரின் இருபுறமும் நடந்தார்கள்.

"தீபாவளி வரைக்கும் விட்டாத்தானே காணாமப் போகுது? அதுக்கு முன்னாடியே பழுக்க வைங்க அங்கிள்," என்றாள் தாரணி, போனைப் பார்த்தபடி. "காயோட கீழ்க் கண்ணுல ஒரு சொட்டு எண்ணெய் வச்சா சீக்கிரம் பழுக்குமாம்."

சேகரன் நல்லெண்ணெய் வைத்தார். ஒரு சொட்டு என்று சொன்னதை ஒரு ஸ்பூனாக வைத்தார். மறுநாள் சுவரிலிருந்து மரம்வரை கட்டெறும்பு ஊர்வலம், தசராவின் ஜம்பு சவாரியே தோற்றுப்போகும். எறும்புக்கு மருந்து தூவினார். தூவிய பிறகுதான், மருந்து பட்ட காயை அண்ணனுக்கு எப்படிக் கொடுப்பது என்று தோன்றியது. அவற்றையும் தன் கையாலேயே பறித்துப் போட்டார்.

கடைசியில் உச்சியில் ஒரே ஒரு காய் மிஞ்சியது.

"இந்த வருஷம் மலைக்குப் போகலை," என்று சேகரன் அறிவித்தார். "நானே உக்காந்து காவல் காக்கப் போறேன்."

பாக்கியலட்சுமி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "மலைக்குப் போகலையா? நிசமாவா சொல்றீங்க?"

அவளுக்குத் தெரியும், அவர் மலைக்குப் போவது சாமிக்காக மட்டும் இல்லையென்று. சின்ன வயதிலிருந்து அண்ணனும் தம்பியும் தீபாவளித் தேருக்கு ஒன்றாகப் போனவர்கள். கொள்ளேகாலத்தில் பஸ் நிற்கும்போது சேகரன் இறங்க மாட்டார். "அவருதானே வர மாட்டேன்னாரு, நான் எதுக்குப் போகணும்?" என்று ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவார், பிறகு இறக்குவார், பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வெள்ளை வேட்டியாகப் பார்ப்பார். மலை மேலும் அதே கதை. வரிசையில் சாமி இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார், பின்னால் வருகிற தலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். தேங்காய்க் கடைக்காரர் வருஷா வருஷம் அதையே சொல்லுவார்: "உங்க அண்ணன் இப்பெல்லாம் தீபாவளிக்கு மலைக்கு வர்றதே இல்லீங்களே."

"அவரு ஏன் வர்றதில்லையாம்?" என்று திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் கேட்பார் சேகரன், ஜன்னலைப் பார்த்து. ஜன்னல் பதில் சொன்னதில்லை.

"ஒருவேளை இந்த வருஷம் அவரு மலைக்கு வந்தாருன்னா?" என்றாள் பாக்கியலட்சுமி.

"பழுத்தா இங்கயே வருவாரு. வாக்கு குடுத்திருக்காரு. அண்ணன் வாக்குத் தவற மாட்டாரு."

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு, சேகரன் மரத்துக்குப் பின்னால், கேட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு உள்ளே குறுக்காக நிறுத்தி ஆட்டுக்கு வழியடைத்தார். காலையில் காய் கொஞ்சம் நிறம் மாறியதுபோல் இருந்தது. மதியம் மாறாததுபோல் இருந்தது. சாயங்காலம் தெருவில் யாரோ வெடித்த லட்சுமி வெடியில் கிளை நடுங்க, அவர் மனமும் நடுங்கிவிட்டது. காய் விழுந்துவிடுவதற்குள் ஸ்டூல் மேல் ஏறிப் பறித்தார். அரிசி டப்பாவுக்குள், மாங்காயை வைப்பதுபோல், ஆழமாகப் புதைத்தார்.

ஒவ்வொரு நாளும் பாக்கியலட்சுமி உலைக்கு அரிசி எடுக்கும்போது கூடவே நின்று பார்த்தார். காய் பழுக்கவில்லை. தோல் சுருங்கியது. கடைசியில் ஒரு பழைய கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது.

"அத்தி பறிச்சப்புறம் பழுக்காது அங்கிள். மரத்துலயே பழுத்தாத்தான் உண்டு," என்றாள் தாரணி.

"இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க டப்பாவுல வைக்கிறப்ப என்கிட்ட கேக்கவே இல்லையே."

சேகரன் கோபப்படவில்லை. அதுதான் பாக்கியலட்சுமிக்குப் பயமாக இருந்தது. அவர் போர்டிகோவுக்குப் போய், பிரம்பு நாற்காலியைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் தூசி எதுவும் இல்லை.

"அவருக்கு எழுபது நடக்குது," என்றார்.

"ஆமாங்க."

"இது பிந்திப் பழுக்கிற ரகம்."

"ஆமாங்க."

"நான் இனிமே பழத்துக்குக் காத்துக்கிட்டிருக்கப் போறதில்லை."

அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கற்றபடி வலது மேல் மூலையில் ஊர், அதன் கீழே தேதி. 'அன்புள்ள அண்ணனுக்கு' என்று எழுதியதும், மூன்றாம் வகுப்பில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட அந்தக் கைகள் ஞாபகம் வந்து பேனா நின்றது. ஒரு தாளில் மரத்தின் மேல் பழியைப் போட்டு எழுதிக் கிழித்தார். இன்னொன்றில் பழுத்துவிட்டதாகப் பொய் எழுதிக் கிழித்தார். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்:

'அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் சிரித்தது தப்பு. மரம் நீங்கள் சொன்ன ரகம்தான், அதில் குறையில்லை. என் கைக்குத்தான் பொறுமை இல்லை. இந்த வருஷமும் பழம் இல்லை. நாற்காலி இருக்கிறது. பழுக்காவிட்டாலும் வாருங்கள்.'

உறையின் பசை ஐப்பசி ஈரத்தில் ஒட்டவே இல்லை. நாக்கால் தொட்டுப் பார்த்தார், சோற்றுப் பருக்கை வைத்துப் பார்த்தார். உறை வாயைத் திறந்து திறந்து மூடியது. எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார்.

"கொடுங்க சார் இங்க," என்றாள் பசம்மா. புடவைக்குப் போடுகிற கஞ்சியை விரலால் தடவி, மேலே ஒரு துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை ஓர் அழுத்து அழுத்தினாள். கரி வாசனையோடு உறை ஒட்டிக்கொண்டது. "இனிமே இத யாராலும் பிரிக்க முடியாது. யாருக்கு சார்?"

"என் அண்ணனுக்கு. கொள்ளேகாலம். நம்ம வீட்டுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கேன். வந்ததே இல்லை."

"ஐயோ பாவம். சொந்த அண்ணனா?"

தெருமுனைச் சிவப்புப் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார் தபால்காரர். சேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, உறையை அவர் கையிலேயே கொடுத்தார். முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பைக் திரும்பி, திருப்பத்தில் மறைகிறவரை நின்றுவிட்டு, மூச்சு வாங்க இஸ்திரி வண்டிக்கு வந்தார்.

"ஆயித்து சார், கெளம்பிடுச்சு," என்றாள் பசம்மா, அடுத்த சட்டையை விரித்துப் போட்டபடி. "நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். வருஷா வருஷம் நீங்க மலைக்குப் போனதும் வீட்டுக் காவலுக்கு ஒரு பெரியவர வரவைப்பீங்களே, மரத்தடியக் கொத்தி, மூட்டையில கொண்டாந்த எருவப் போட்டு, அந்தப் பிரம்பு நாற்காலியில உக்காந்து பழத்தத் தின்னுட்டு, 'அவன் ஒடம்பு நல்லா இருக்கா'ன்னு கேட்டுட்டுப் போவாரே, இந்தத் தீபாவளி அன்னிக்கு அவரு வாசக் கேட்டு வரைக்கும் வந்து, உங்க ஸ்கூட்டர் நிக்கிறதப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டாரு. ஏன் சார், இந்த வருஷம் மலைக்குப் போகலைன்னு அவருக்கு முன்கூட்டியே ஒரு லெட்டர் போட்டிருக்கலாமில்ல?"