ஜாங்கிரியின் பங்கு

இனி இந்த வீட்டுக்குள் எந்தப் பொருள் வந்தாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, குறைந்த விலை எதுவோ அங்கேதான் வாங்குவது என்று ஆவணிக் கடைசியில் ஒரு நாள் நான் அறிவித்தேன். அறிவிப்பைக் கேட்டவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி ராஜகுமாரி. அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் ஜாங்கிரி. அவன் வாசற்படியில் படுத்துத் தன் வயிற்றின் இரைச்சலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜாங்கிரி எங்கள் மகள் கனிமொழியின் நாய். சாதாரணத் தெரு நாய்தான், வால் மட்டும் ஜாங்கிரி. அம்பத்தூரில் அவள் குடிபோன அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதியில்லை என்றதும் திருநின்றவூருக்கு எங்களிடம் வந்து சேர்ந்தான். பால் வைத்தால் வாந்தி. பிஸ்கட் போட்டால் பேதி. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"தீபாவளிக்கு நான் வரும்போது அவன் தேறலைன்னா, பெங்களூர்ல ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடறேன்ப்பா" என்றாள் கனிமொழி, போனில். "அவங்க வீட்ல தோட்டம் இருக்கு. நல்ல சாப்பாடும் வாங்கிப் போடுவாங்க."

போனை வைத்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. மகள் போனதிலிருந்தே அப்படித்தான். சண்டை போடவும் விஷயமில்லாத அமைதி. ஜாங்கிரி வந்த பிறகுதான் நாங்கள் அவன் வழியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். "ஜாங்கிரி, தாத்தாவைக் குளிக்கச் சொல்லு" என்பாள் அவள். "ஜாங்கிரி, பாட்டியைக் காப்பி கொண்டுவரச் சொல்லு" என்பேன் நான். அவனும் பெங்களூருக்குப் போய்விட்டால் என்னைக் குளிக்கச் சொல்ல ஆளிருக்காது. ஆகவே அவனைத் தேற்றியே ஆக வேண்டும்.

ஆவடி நாய் டாக்டர், மென்மையான வயிறு உள்ள நாய்களுக்கென்றே செய்த உணவுப் பை ஒன்றைக் காட்டினார். விலையைக் கேட்டதும் எனக்கே வயிறு கலங்கியது. என் வயிறு கலங்குவது புதிதில்லை. அதுவும் ஜாங்கிரி கட்சிதான். காரம், எண்ணெய், உப்பு மூன்றையும் விடுங்கள், கோழி வேண்டுமென்றால் வெறுமனே அவித்துச் சாப்பிடுங்கள் என்று என் டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். நான் விட்டுவிட்டேன். காரத்தை இல்லை, டாக்டரை.

அப்போதுதான் எனக்கு விலைப்புள்ளி யோசனை வந்தது. நான் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். போல்ட் என்றாலும் சரி, பெருக்குமாறு என்றாலும் சரி, மூன்று விலைப்புள்ளி இல்லாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நாய்ச் சோறு மட்டும் விதிவிலக்கா? ஆவடியில் ஒன்று, திருநின்றவூரில் ஒன்று, வேப்பம்பட்டில் ஒன்று என்று விசாரித்தேன். வேப்பம்பட்டு ஜெயித்தது. உதிரியாக, செங்கல் நிறத்தில், கோணிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"இது என்னங்க?"

"ஜாங்கிரிக்குச் சாப்பாடு. மூணு விலைப்புள்ளியில இதுதான் குறைச்சல்."

"இதுல என்ன போட்டிருக்கான்?"

"அதெல்லாம் விலைப்புள்ளியில வராது."

"எங்கப்பாவும் இப்படித்தான்" என்றாள் ராஜகுமாரி. "மூணு ஜாதகம் வந்துச்சு. குறைஞ்ச செலவுல முடியறது எதுன்னு பார்த்தாரு. உள்ள என்ன போட்டிருக்கான்னு பார்க்கவே இல்லை."

பக்கத்து வீட்டு எத்திராஜ் மதில் மேல் தலையை நீட்டினார். அந்த வீட்டிலும் ஒரு நாய் உண்டு. அவர் மனைவி சுசீலா வளர்ப்பது. நாய் வயிறு பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் எண்ணம்.

"இன்னா அண்ணாத்தே, மீனுக்குப் போடற தீவனத்தை வாங்கிகினு வந்துகீற?"

"நாய்க்குத்தான்."

"அத்த நாய்கிட்ட சொன்னியா? மோந்து பாத்துட்டு உன்னிய மொறைச்சிகினு கீது பாரு."

ஜாங்கிரி நல்ல பிள்ளை. என் மரியாதைக்காக ஒரு கிண்ணம் தின்றான். மறுநாள் காலையில் கூடம் இருந்த நிலையை நான் வர்ணிக்கப் போவதில்லை. ராஜகுமாரி வர்ணித்தாள். என் ஒரு கையில் வாளியும் மறு கையில் துடைப்பமும் இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஆட்டோவில் ஆவடிக்குப் போனோம். ஜாங்கிரி அவள் மடியில் துணி மாதிரி கிடந்தான். வழியெல்லாம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாங்கிரியிடமும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் ஊசி போட்டார். வேப்பம்பட்டுத் தீவனத்தைப் பற்றிக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதல்ல வயிறு ஆறட்டும். கோழி நெஞ்சுக்கறியை வெறுமனே அவிச்சு, குழைஞ்ச சாதமும் பூசணிக்காயும் சேர்த்துக் கொடுக்கலாம். உப்பு, காரம், எண்ணெய் எதுவும் கூடாது" என்றார். அதற்குப் பிறகும் ராஜகுமாரியைப் பார்த்து நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. கோழி என்ற சொல் என் காதுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஏனென்றால் இரண்டு நாளில் புரட்டாசி.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. முட்டை ஓடுகூடக் கண்ணில் படாது. ராஜகுமாரி விரதம் இருந்து தினமும் சாயங்காலம் பெருமாள் கோயிலுக்குப் போவாள். எனக்கு அந்த மாதத்தில் மட்டும் ஆவடி வங்கியில் வேலை அதிகமாக இருக்கும். வங்கிக்கு எதிரில் ஒரு பிரியாணிக் கடை. வீடு திரும்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். "கேஸ்" என்பேன். "சாம்பார் சாதத்துல என்னங்க கேஸ்?" என்பாள். "பருப்பு" என்பேன். வருஷா வருஷம் இதே உரையாடல்.

இந்த வருஷம் வங்கிக்கு அலைய வேண்டாம். கோழியை வீட்டுக்கே கொண்டுவரலாம். அன்று மதியமே ஆரம்பித்தேன்.

"வாயில்லா ஜீவன், ராஜி. அதுக்கு ஆவணியும் தெரியாது, புரட்டாசியும் தெரியாது."

"தெரியாதுதான்."

"பின்பக்கம் அந்த ஒத்தை அடுப்பு சும்மாதானே கிடக்கு? துவைக்கிற கல்லு பக்கத்துல வச்சு நானே ஆக்கிப் போட்டுடறேன். உன் சமையலறைப் பக்கமே வர மாட்டேன்."

"நீங்க ஆக்குவீங்களா? வெந்நீர் வச்சா அடிப்பிடிக்கிற ஆளு."

"ஒரு உயிர் விஷயம்டி."

அவள் என்னையும் ஜாங்கிரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேணாம். நானே ஆக்கறேன். ஆக்கி மூடி வச்சிட்டுத் தலைக்குக் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிடுவேன். போடறது மட்டும் உங்க பொறுப்பு."

கல்யாணமான நாளிலிருந்து என் யோசனை எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. கொள்முதல் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. பேரம் பேசாமல் ஒருவன் ஒத்துக்கொண்டால் முதலில் அவனைத்தான் சந்தேகப்படுவோம். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

புரட்டாசி பிறந்தது. சாயங்காலம் ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு, துளசி மாலையோடு அவள் தெருமுனை திரும்புவாள். நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவேன். ஜாங்கிரி பின்னால் வருவான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மூடியைத் திறப்பேன். வெள்ளை வெளேரென்று கோழி. குழைந்த சாதம். மஞ்சள் பூசணி. ஜாங்கிரிக்கு இரண்டு கவளம், மீதி எனக்கு.

அந்த ருசியை எப்படிச் சொல்வேன்! ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். தூரத்தில் மின்சார ரயில் கூவும். கோயிலில் மணி அடிக்கும். விருந்துச் சாப்பாட்டிலும் அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை. அமிர்தம் என்றால் அதுதான் அமிர்தம்.

"இன்னா அண்ணாத்தே, மேல குந்திகினு நாய்க்கு ஊட்டி வுடறியா?" எத்திராஜ் தன் வீட்டு மாடியில் துணி எடுக்க வந்திருந்தார்.

"ஆமாமா."

"வாயி உன்துல்ல அசையுது?"

"நான் மெல்ற மாதிரி காட்டினாத்தான் இவன் சாப்பிடுவான். டாக்டர் சொன்னாரு."

எத்திராஜ் துணிக்கொடியை விட்டுக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழேயிருந்து சுசீலா கூப்பிட்டதும் துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பாத்திரம் வர வரப் பெரிதாகிக்கொண்டே போனது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாள் கேட்டு வைத்தேன். "ஒரு நாய்க்கு இவ்வளவா, ராஜி?"

"வளர்ற பிள்ளை இல்லையா?"

"அவனுக்கு ஆறு வயசு."

"தேறணும்ல?"

தேற வேண்டும் என்ற சொல் என்னைக் குத்தியது. ஒரு சாயங்காலம் ஜாங்கிரி காலிப் பாத்திரத்தை நக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். நாய்கள் குற்றம் சொல்வதில்லை. பார்க்க மட்டும் பார்க்கும். பெங்களூர்த் தோட்டத்தில் முன்பின் தெரியாத யாரோ அவனைக் கூப்பிடுவது போல எனக்குத் தோன்றியது.  அன்று தொடங்கி மூன்று கவளமாகக் கொடுத்தேன்.

அதிசயம் என்னவென்றால் ஜாங்கிரி தேறினான். விலா எலும்பு மறைந்தது. மயிர் பளபளத்தது. கூடம் சுத்தமாக இருந்தது. இன்னொரு அதிசயம், என் நெஞ்செரிச்சலும் போய்விட்டது. மருந்து பாட்டில் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. மூன்று கவளத்தில் ஒரு நாய் எப்படித் தேறும் என்று யோசித்தேன். அன்பு என்று முடிவு செய்தேன். என் வயிற்றுக்குக் காரணம் பெருமாள் என்று முடிவு செய்தேன்.

புரட்டாசிக் கடைசியில் ஜாங்கிரியை ஆவடிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் எடை பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்கும் பேச வந்துவிட்டது.

"எல்லாம் வீட்டுச் சாப்பாடு, டாக்டர். உங்க பையில ஒண்ணுகூட வாங்கலை. கொள்முதல்ல அனுபவம் இருந்தா நாயைக்கூடச் சிக்கனமா வளர்க்கலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு ராஜகுமாரியைப் பார்த்தார். "ஏம்மா, நசரத்பேட்டை மூட்டை தீர்ந்துபோச்சா?"

"இன்னும் பாதி இருக்கு, டாக்டர்."

"எந்த மூட்டை?" என்றேன்.

ராஜகுமாரி ஜாங்கிரியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சொன்னாள்.

"அன்னைக்கே டாக்டர் சொன்னாரேங்க. கோழிச் சோறு ரெண்டு நாளைக்குத்தான், அதை வச்சே நாயை வளர்க்க முடியாதுன்னு. அவர் காட்டின அந்த நாய்ச் சாப்பாட்டுக்கு நசரத்பேட்டைல மொத்த வியாபாரக் குடோன் இருக்கு, நாலு வீடு சேர்ந்து பெரிய மூட்டையா எடுத்துப் பிரிச்சுக்குங்க, கையைக் கடிக்காதுன்னு சொன்னாரு. நீங்கதான் கோழின்னதும் காதைச் சாத்திட்டீங்க. நானும் சுசீலாவும் தெருவுல இன்னும் ரெண்டு வீட்டைப் பிடிச்சோம்."

"எப்பப் போட்டே அவனுக்கு?"

"காலைல நீங்க ஏரிக்கரைக்கு நடக்கப் போனதும் ஒரு வேளை. மதியம் நீங்க குறட்டை விடறப்ப ஒரு வேளை."

"அப்ப சாயங்காலம் ஆக்கினது?"

"அது உங்களுக்கு."

ஜாங்கிரி வெளியே வேடிக்கை பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"விரதத்துல கோழி ஆக்கலாமா, ராஜி?" என் தரப்பில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"விரதம் எனக்கு. உங்களுக்கு எந்த வருஷம் இருந்துச்சு? அந்தாளு ஆவடியில பிரியாணி தின்னுட்டு நெஞ்சைப் பிடிக்கிறதுக்கு இது தேவலாம், மன்னிச்சுக்கோன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டுத்தான் அடுப்பைப் பத்த வச்சேன். உங்க டாக்டர் சொன்ன சாப்பாடுதானே? ஜாங்கிரிக்கு நீங்க ரெண்டு வாய் போடுவீங்கன்னும் தெரியும். அது அவனுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு கேட்டு வச்சுக்கிட்டேன்."

"இதை என் தட்டுலயே போட்டிருக்கலாமே!"

"தட்டுல போட்டா நீங்க தின்னிருப்பீங்களா?"

ஆட்டோ திருநின்றவூர் வரும்வரை யோசித்தேன். 

இரவு கனிமொழிக்கு வீடியோவில் ஜாங்கிரியைக் காட்டினோம். "அடேங்கப்பா! இவனை பெங்களூருக்கு அனுப்ப நீங்க விடவே மாட்டீங்க போலிருக்கே" என்று சிரித்தாள். ராஜகுமாரி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "ஜாங்கிரி, தாத்தாவைக் காலைல சீக்கிரம் குளிக்கச் சொல்லு" என்றாள்.

ஐப்பசி பிறந்தது. மதியம் எத்திராஜ் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் வாசனை மதிலைத் தாண்டி வந்தது. நான் குளித்துவிட்டு நம்பிக்கையோடு மேசையில் உட்கார்ந்தேன். ராஜகுமாரி தட்டை வைத்தாள். வெள்ளை வெளேரென்று கோழி. குழைந்த சாதம். மஞ்சள் பூசணி.

"இனிமே மாடிக்கு ஓட வேணாம். நிம்மதியா உட்கார்ந்து சாப்பிடுங்க" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

முதல் கவளத்தை வாயில் போட்டேன். உப்பே இல்லை.