பையோடு வந்த மேலதிகாரி

சுகாதார ஆய்வாளர் தன் வீட்டுக் குளியலறைச் சுவரோடு மல்லுக்கட்ட ஆரம்பித்து மூன்று நாளாகிவிட்டது. கூரை மூலையில் கரும்பூஞ்சை. இந்தப் புழுக்கத்தில் அது வளரவில்லை என்றால்தான் அதிசயம்.

எந்த ஓட்டல் சமையலறையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் பூட்டுப் போட்டு சீல் வைக்கிற மகானுபாவர் அவர். இப்போது பதவி உயர்வுப் பட்டியல் மேலதிகாரி கையில் இருக்கிறது. அவரோ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். போன இரண்டு ஞாயிறும் வேறு இரண்டு ஆய்வாளர்கள் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, முகம் பளபளக்க வெளியே வந்தாராம். அந்த இருவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது.

முதலில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தார். பூஞ்சை போனது, கூடவே பெயிண்டும் போனது. சரியென்று புதுப் பெயிண்ட் அடித்தார். அது காய்வேனா என்றது. ஈரத்தில் தூசு ஒட்டக்கூடாதென்று ஜன்னலை இறுக அடைத்தார். சனிக்கிழமை காலை பார்த்தால், மூலையில் இருந்த பூஞ்சை சுவர் முழுக்கக் குடும்பத்தோடு குடியேறியிருந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் பூட்டுப் போட்டீங்கல்ல, இதுக்கும் ஒண்ணு போடுங்களேன்" என்றாள் மனைவி.

கிண்டலாகத்தான் சொன்னாள். மனுஷன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கதவுக்கு ஒரு பூட்டு, அதன்மேல் 'பழுதுபார்ப்பு நடக்கிறது' என்று ஓர் அட்டை.

ஞாயிறு காலை மேலதிகாரி தடித்த பையோடு வந்தார். உள்ளே இருப்பது தன் ஃபைல்தான் என்று ஆய்வாளர் முடிவே கட்டிவிட்டார். வந்தவர் காபியைக்கூடத் தொடவில்லை.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"ரிப்பேர் சார். உள்ள கால் வைக்க முடியாது."

"தண்ணியாவது வருதா?"

"சொட்டுகூட வரல சார்" என்று இன்னொரு பொய்யையும் சேர்த்தே சொன்னார்.

மேலதிகாரியின் முகம் சுண்டிவிட்டது. விறுவிறுவென்று கிளம்பியவர், பையை நாற்காலியிலேயே மறந்துவிட்டார். பூஞ்சையை அவர் கண்ணில் காட்டாமல் அனுப்பிவிட்டேன் பார் என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார் ஆய்வாளர்.

பையை எடுக்க மேலதிகாரியின் கார் டிரைவர் வந்தார். ஆய்வாளர் அவரை ஓரமாக இழுத்து, ஃபைலில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதென்று குசுகுசுத்தார்.

டிரைவர் அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"ஃபைலா? துண்டும் சோப்பும்தான் சார் இருக்கு. ஐயா வீட்டு பாத்ரூம் பூரா பூஞ்சை, அதான் வாரம் ஒருத்தர் வீட்டுல போய்க் குளிச்சிட்டிருக்கார்."