ஆவி தங்காத வீடு

புதுச்சேரியில் உயிரோடு இருக்கும்போதே பேய் என்று பெயர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மார்க்கு முசே; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. ரேஷன் கடை வரிசையில் அவர் வந்து நின்றால் முன்னால் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். வெயிலை உள்ளே விடாமல் குளிரை வெளியே விடாமல் காவல் காப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் காவலை விடவில்லை. ஐஸ் கம்பெனிக்குப் பதில் எங்கள் முதலியார்பேட்டை முழுவதையும் எடுத்துக்கொண்டார்.

கத்திரி வெயிலில், நாய்கூட நடக்காத உச்சி வேளையில், கறுப்புக் குடையும் வெள்ளை வேட்டியுமாகத் தெருவில் வருவார். கழுத்தில் நூல் கட்டி இரண்டு தெர்மாமீட்டர். திடீரென்று ஒரு வீட்டின் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். பிறகு காதை வைப்பார். உள்ளே தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஜன்னலைத் திறந்தால் ஓர் அடி தூரத்தில் வெள்ளை மீசையுடன் ஒரு முகம் மூடிய கண்களோடு நிற்கும். அந்தத் தெருவில் அலறாத வீடு கிடையாது.

அதற்குப் பிறகு கேட் தூணில் சாக்பீஸால் மார்க் போட்டுவிட்டுப் போவார். 6/20. 8/20. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அங்கே எல்லாவற்றுக்கும் இருபதுக்குத்தான் மார்க். அவர் எழுதும் ஒன்று என்ற எண்ணுக்குப் பெரிய மூக்கு இருக்கும். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். முதலில் திருடர்கள் அடையாளம் வைக்கிறார்கள் என்று தெருவே பூட்டு வாங்கியது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீடு வெயிலை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான மார்க் அது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்த புது மாடி வீட்டுக்கு மூன்று மார்க். வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். "நாலு மணிக்கு மேல உள்ள இருக்கறவங்க வடகம்தான்" என்று முசே நிதானமாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

இதெல்லாம் கிறுக்கு. பேய் என்று பெயர் வந்தது அவருடைய சொந்த வீட்டால்.

தனியாக இருந்தார். வீட்டில் மின்விசிறி கிடையாது. ஆனாலும் வாசலில் நின்றாலே கணுக்காலில் சில்லென்று ஏதோ உரசிக்கொண்டு போகும். சுவருக்குள் யாரோ பெருமூச்சு விடுவது போலச் சத்தம் வரும். சாயங்காலம் அவர் சுவரோடு பேசுவதும் கேட்கும். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பிரெஞ்சில் எண்ணைச் சொல்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இருபத்தேழு என்பதற்கு அவர்கள் பாஷையில் 'வேன்த் செத்'. பக்கத்து வீட்டம்மாவுக்குக் காதில் விழுந்தது 'செத்' மட்டும்தான். தினமும் யாரோ செத்த கதையைச் சுவரிடம் சொல்கிறார் என்று அந்தம்மா தெருவுக்கு அறிவித்துவிட்டார்.

நான் அந்த வீட்டுக்குள் போனது எங்கள் குழந்தைக்காக. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் மொட்டைமாடிக்கு நேர் கீழே ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். கூரை கொதிக்கும். என் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. அதற்கு முந்திய கத்திரியில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகியதை என் மனைவி பார்வதி பார்த்தாள், நானும் பார்த்தேன். அடுத்த கோடையில் குழந்தையை வெக்கையில் வைத்திருக்காதீர்கள் என்றார் டாக்டர். பின் தெருவில் சொந்த மனை ஒன்று இருந்தது. அடுத்த கத்திரிக்குள் அதில் குளிர்ச்சியாக ஒரு வீடு எழும்ப வேண்டும். மானத்தை விட்டு, பயத்தையும் விட்டு, ஒரு பகல் பன்னிரண்டரை மணிக்கு முசே வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உள்ளே இருட்டு. மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவத்தியின் சுடர், காற்றே இல்லாத அறையில், உள்சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. நான் கொண்டுபோயிருந்த மனை வரைபடம் கையிலிருந்து நழுவித் தரையோடு தரையாக ஊர்ந்து சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டது. சுவருக்குள் "ஹூம்" என்று ஒரு மூச்சு. நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க தம்பி" என்றார் முசே இருட்டிலிருந்து. "ஆவி வெளிய போவுது."

நான் அதற்குப் பிறகுதான் பயந்தேன்.

ஐஸ் கம்பெனியில் அம்மோனியா ஆவி, நீராவி என்று புழங்கியவர், சூடான காற்றையும் ஆவி என்றே சொல்வார். இது எனக்குப் புரிய அரை மணி நேரமும் இரண்டு டம்ளர் தண்ணீரும் ஆயிற்று. உள்சுவர் இரட்டைச் சுவர், நடுவே இடைவெளி, அடியில் அறையைப் பார்த்து ஒரு திறப்பு. தோட்டத்து நிழலில், தரை மட்டத்தில், காற்று நுழையத் துளை. அந்த இடைவெளி முடியும் இடத்தில் கூரைக்கு மேல் புகைபோக்கி போல உயரமாக ஒரு கூண்டு, அதற்குக் கறுப்பு வண்ணம். உச்சி வெயிலில் கூண்டு காய்ந்ததும் வீட்டுச் சூட்டை உறிஞ்சி மேலே அனுப்பிவிடும், நிழல் காற்று கீழே உள்ளே வரும். பேய்கள் உலாவும் நேரம் என்று ஊர் சொல்லும் அதே நேரத்தில்தான் அவர் வீடு மும்முரமாக வேலை செய்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

எங்கள் வீட்டுக்கு அவரே படம் போட்டார். பைசா வேண்டாம் என்றார், இருபதுக்கு இருபது வாங்குகிற ஒரு வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அவர் வீட்டுக்கு அவர் போட்ட மார்க்கே பதினைந்துதான். தினமும் வந்து மேஸ்திரி ஏழுமலையின் பக்கத்திலேயே நிற்பார். "ரெண்டு சுவத்துக்கும் நடுவுல எடம் வுடு மேஸ்திரி. ஆவி அது வழியா ஏறித்தான் வெளிய போவணும்" என்பார். ஏழுமலை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் விளக்கிச் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினார். நான் நம்பியிருக்கக் கூடாது.

சித்திரை முடிவதற்குள் பால் காய்ச்சிக் குடிபோனோம். மறுநாள் பகலில் வீடு அடுப்பாக இருந்தது. பழைய போர்ஷனே தேவலாம் என்று தோன்றியது. குழந்தையின் உடம்பு கொதித்தது. பார்வதி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "பேயாண்ட போயி வீடு கேட்டீங்கல்ல" என்றாள்.

முசே ஓடி வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார், காதை வைத்தார். பிறகு திரும்பினார். "மூச்சு இல்ல தம்பி" என்றார். செத்த வீட்டில் வந்து சொல்வதைப் போலச் சொன்னார்.

ஏணி போட்டு நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. கறுப்புக் கூண்டின் வாயில் தலையை விட்டு உள்ளே பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து, கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் தொங்கும் நாக்குமாக ஒரு முகம் என்னைப் பார்த்தது.

நான் போட்ட சத்தத்தில் கீழே ஏணியைப் பிடித்திருந்த முசே சிலுவை போட்டுக்கொண்டாராம்.

அது திருஷ்டிப் பூசணிக்காய். கூண்டை இறுக்கமாக அடைத்து, சுற்றிலும் சாக்கைத் திணித்து, மஞ்சள் துணியில் ஓர் எலுமிச்சம்பழமும் கட்டி வைத்திருந்தது. ஏழுமலையைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தவர் மறைக்கவில்லை. "நாந்தான் சார் அடைச்சேன். ஆவி ஏறி எறங்கற வூட்ல பச்சப்புள்ளய எப்படி சார் வுடறது? எனக்கும் பேத்தி இருக்குது" என்றார். எங்கள் குழந்தையை எங்களுக்குத் தெரியாமல் காப்பாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

பூசணியைப் பிடுங்கி எடுத்ததும் வீடு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. கூடத்தில் காலண்டர் தாள் படபடத்தது. பார்வதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். கால் மணி நேரம் கழித்து வாசற்படியில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது போலும், இன்னொரு காலையும் வைத்தாள். மூன்று மணிக்குக் குழந்தை வெறும் தரையில் குப்புறப் படுத்துத் தூங்கியது. அந்தக் கோடை முழுவதும் வலிப்பு வரவில்லை.

முசே கேட் தூணில் மழை படாத பக்கமாக 14/20 போட்டார். அவ்வளவுதானா என்று கேட்டேன். "சுவரு இன்னும் காயல. மூணாவது கத்திரிக்கு வந்து திருத்திப் போடறேன்" என்றார்.

இரண்டாவது கத்திரிக்கு வந்து பார்த்தார், மார்க்கை மாற்றவில்லை. அந்த வருட மழையில் இறந்துபோனார். கல்லறையில் ஏழுமலைதான் முதல் ஆளாக மண் போட்டார்.

மூன்றாவது கத்திரி. ஒரு பகலில் அலுவலகத்திலிருந்து சாப்பிட வந்தவன் கேட்டில் நின்றுவிட்டேன். பழைய பதினான்கு அடித்திருந்தது. பக்கத்தில் புதிய சாக்பீஸில் 17/20. ஒன்றுக்குப் பெரிய மூக்கு. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. பார்வதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தான் எழுதவில்லை என்று குழந்தை தலையில் கை வைத்துச் சொன்னாள். தெருவில் அப்படி ஏழு எழுத வேறு யாருக்கும் தெரியாது. உள்ளே சுவர் ஒருமுறை "ஹூம்" என்றது.

பார்வதி பயப்படவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து உள்சுவரோரம் வைத்தாள். எனக்கும் கேட்க ஒரு கேள்வி இருந்தது, அந்த மூன்று மார்க் எங்கே குறைந்தது என்று. ஆனால் எங்கள் வீட்டில் ஆவி தங்காது. அப்படித்தான் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வீட்டில் எனக்குள்ள குறை அது ஒன்றுதான்.